கிராபிக்ஸ் கார்டுக்கு வைத்த பொட்டு

நம் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு பழைய படத்தைப் போட்டிருந்தார்கள். முதுகு பெருத்த மானிட்டர், பூப்போட்ட துணி உறை, உறையின் ஓரத்தில் சுருக்கம் வைத்துத் தைத்த ஃப்ரில். அதற்குக் கீழே வரிசையாக இதயங்கள், அது ஒரு பொற்காலம் என்று பெருமூச்சுகள். நம் எல்லாருக்கும் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது, முட்டி பிடித்துக்கொள்கிறது, ஆகவே போனதெல்லாம் இனிக்கிறது போலிருக்கிறது. எனக்கு இனிக்கவில்லை. அந்தப் படத்தைப் பார்த்ததும் வயிறுதான் எரிந்தது. ஏன் என்று குழுவிலேயே எழுத ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. அதனால் தனியாக எழுதுகிறேன்.

நான் பத்தாவது படித்த வருஷம். ஆவடியில் நம் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் கம்ப்யூட்டர் வந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்கள் வீட்டுக்கு வந்தது அண்ணனுக்காக. அவன் இன்ஜினியரிங் காலேஜில் மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டரில் இயந்திரப் பாகங்களை வரைந்து, திரையிலேயே சுற்றிச் சுற்றிப் பார்க்கிற பாடம் ஒன்று அவனுக்கு இருந்தது. அதற்குச் சாதாரண மெஷின் தாங்காது, தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்றான். அப்பா ஃபேக்டரியில் மெஷின் ஷாப்காரர். கருவி என்றால் அவருக்கு மறுபேச்சு கிடையாது. கார்டோடுதான் வாங்கினார்.

அண்ணனுக்காக வந்ததில் ஒட்டிக்கொண்டவள் நான். அவன் காலேஜ் பஸ் திரும்பி வருவதற்குள் எனக்குக் கிடைக்கிற சாயங்கால நேரம்தான் என் ராஜ்ஜியம். அவனுடைய பழைய புரோகிராமிங் புத்தகத்தை வைத்துக்கொண்டு திரையில் ஒரு கடிகாரம் வரைந்தேன். நொடி முள் நகர வேண்டும். அதற்கு சைன், காஸ் எல்லாம் வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் இன்னும் ஆரம்பித்திருக்கவில்லை, நானே கற்றுக்கொண்டேன். முதலில் முட்கள் தலைகீழாக ஓடின. ஏன் என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, ஒரே ஒரு கழித்தல் குறியை மாற்றியதும் சரியான பக்கம் ஓடியது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று இப்போதும் தெரியவில்லை. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் குரூப்பே எடுத்துக்கொள், சேர்த்துவிடுகிறேன் என்று அவராகவே சொன்னார். நான் கேட்டு வாங்கிய வாக்கு இல்லை அது.

எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். கம்ப்யூட்டர் குரூப். அதை எடுத்தால்தான் மேற்கொண்டு அந்தப் பக்கம் போக முடியும் என்று அப்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. குவார்ட்டர்ஸில் அந்த நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஃபேக்டரியிலிருந்து பொரியும் சுண்டலுமாகப் பை பையாக வரும், ஸ்கூட்டர்கள் எல்லாம் வாழைக்கன்றோடு நிற்கும், பிளாக் முழுக்க எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடக்கும். அப்பா மற்ற நாட்களில் கோயில் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர். ஆயுத பூஜை மட்டும் அவருக்கு உயிர். ஷாப்பில் தன்னுடைய லேத் மெஷினைக் கழற்றித் துடைத்து, சுழலுகிற பாகத்துக்குச் சந்தனம் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

பக்கத்து வீடுகளில் மானிட்டர் மேலே ஒரு பொட்டு வைத்து முடித்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "மூடி மேல வெச்சா அது தகரத்துக்கு வெச்ச பொட்டு. ஓடுற பாகத்துக்கு வைக்கணும்" என்றார். திருப்புளியை எடுத்து சிபியுவின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். உள்ளே தூசியைப் பழைய பனியன் துணியால் பதமாகத் துடைத்தார். ஓடுகிற பாகம் என்று உள்ளே கண்ணுக்குத் தெரிந்தவை ஃபேன்கள்தான். பின்பக்கத்து ஃபேன், பிராசஸர் மேலே ஒன்று, கிராபிக்ஸ் கார்டின் முதுகில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு குட்டி ஃபேன். மூன்றின் நடுவிலும் பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, மேலே குங்குமம் வைத்தார். சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். இந்த மனுஷர் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார் என்று பெருமையாகக்கூட இருந்தது.

பூஜையில் வைத்த பொருளை மறுநாள் விஜயதசமி பூஜை முடிகிற வரை தொடக்கூடாது. கம்ப்யூட்டரையும் தொடவில்லை. ஒரு ராத்திரி முழுக்க அந்தச் சந்தனம் நன்றாகக் காய்ந்தது. பெரிய ஃபேன் இரண்டும் மறுநாள் உதறிக்கொண்டு ஓடியிருக்கின்றன. குட்டி ஃபேனுக்கு அந்தத் தெம்பு இல்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், இதில் மர்மம் வைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது.

விஜயதசமிக்கு அடுத்த நாளிலிருந்து கம்ப்யூட்டர் படுத்தியது. அண்ணன் ஏதாவது ஒரு பாகத்தை வரைந்து சுழற்றினால் கொஞ்ச நேரத்தில் திரை முழுக்க வண்ண வண்ணமாகக் கோடுகள் விழும். அப்படியே உறைந்து நிற்கும். பிறகு தானாக அணைந்து தானாகவே எழும். கார் ரேஸ் கேம் போட்டாலும் அதே கதி. நான் கடிகாரத்தை ஓட விட்டாலோ, பாடம் டைப் செய்தாலோ ஒன்றும் ஆகாது. படம் சுற்றினால்தான் நிற்கிறது, எழுத்து அடித்தால் நிற்பதில்லை என்று நான் அப்பாவிடம் சொன்னேன். உனக்கு என்ன தெரியும், அண்ணன் பார்த்துக்கொள்வான் என்றார். அம்மா தன் பங்குக்கு, பூஜை முடிவதற்குள் யாரோ தொடக்கூடாத நேரத்தில் தொட்டிருக்கிறார்கள் என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் தொடவே இல்லை என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது, சொல்லாமல் இருக்கவும் ஆத்திரமாக இருந்தது.

அண்ணன் பார்த்துக்கொண்ட லட்சணம், ஃபார்மேட் போட்டான். அவன் கூட்டாளி யாரோ ஃபார்மேட் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றானாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என் கடிகாரம் போயிற்று. அதன் பிறகு எழுதி வைத்திருந்த மற்ற புரோகிராம்களும் போயின. எங்கே என் ஃபோல்டர் என்று கேட்டேன், அதில் என்ன பெரிய பொக்கிஷம் இருந்தது என்றான். அவனுடைய டிராயிங் எல்லாவற்றையும் சிடியில் ஏற்றி வைத்துவிட்டுத்தான் ஃபார்மேட் போட்டிருந்தான். அந்தச் சிடியில் என் ஃபோல்டருக்கும் தாராளமாக இடம் இருந்தது. இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

ஃபார்மேட்டுக்குப் பிறகும் கோடுகள் விழுந்தன. அப்பா அம்பத்தூரிலிருந்து சர்வீஸ்காரர் ஒருவரை வரவழைத்தார். வந்தவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சிபியுவைப் பிரித்தார். ரேமைக் கழற்றி, என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த ரப்பரை வாங்கி அதன் பித்தளைப் பற்களைத் தேய்த்தார், வாயால் ஊதினார், திரும்பச் செருகினார். நிற்கவில்லை. கிராபிக்ஸ் கார்டை உருவினார். மானிட்டர் வயரை நேராக போர்டின் பின்னால் செருகி ஓட்டிக் காட்டினார். அப்படி ஓட்டினால் மெதுவாக ஓடியது, ஆனால் நிற்கவில்லை. அவ்வளவுதான், தீர்ப்பு வந்துவிட்டது. கழற்றிய கார்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை அந்த மனுஷர்.

"கார்டு பூட்ச்சு சார். ஊட்ல யாரோ கேம் ஆடிகினே கீறாங்க. அதான் சூடாயி பூட்ச்சு. வேற கார்டுதான் போடணும்" என்றார்.

யார் கேம் ஆடுவது என்று அப்பா கேட்டார். அண்ணன் இருந்தான், நான் இருந்தேன், அம்மா காபி டம்ளரோடு வாசல்படியில் நின்றாள். நான் அவ்வப்போது கார் ரேஸ் ஓட்டியிருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் துப்பாக்கி கேமை வாங்கி வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தவன் அண்ணன். அவன் என்னைப் பார்த்தான். அப்பாவும் அவன் பார்த்த பக்கமே பார்த்தார். வழக்கு முடிந்தது. சர்வீஸ்காரர், பொட்டப் புள்ளைங்களும் இப்பல்லாம் கேம் ஆடுதுங்க சார் என்று சிரித்தார்.

அன்றிலிருந்து கீபோர்டும் மவுஸும் பீரோவுக்குள் போயின. அண்ணன் வந்தால் வெளியே வரும், அவன் எழுந்தால் மறுபடி உள்ளே போகும். நகைக்கும் பட்டுப் புடவைக்கும் நடுவில் கீபோர்டைப் படுக்க வைத்த வீடு உலகத்தில் எங்களுடையது மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேர் வீட்டில் அதுதான் நடந்தது. அதற்கும் சேர்த்துத்தான் இதயம் போடுகிறீர்கள்.

புதுக் கார்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று அப்பா தள்ளிப் போட்டார். பழைய கார்டு ஒரு ஜவுளிக்கடைக் கவரில் ஷோகேஸ் மேலே கிடந்தது. மழைக்காலம், சுவரெல்லாம் ஓதம். துணி காயாத நாற்றம் வீடு முழுக்க. அரையாண்டு லீவில் ஒரு மத்தியானம் அம்மா பக்கத்து பிளாக்கில் சீட்டுக் கட்டப் போயிருந்தாள். நான் அந்தக் கவரை எடுத்துக் கார்டை வெளியே உருவினேன். ஒரு குற்றவாளிக்குத் தான் எதைக் கெடுத்தோம் என்று பார்க்கிற உரிமையாவது வேண்டாமா?

குட்டி ஃபேனை விரலால் தள்ளினேன். நகரவில்லை. உற்றுப் பார்த்தால் நடுக் குமிழைச் சுற்றி இருக்கிற இடுக்கில் மஞ்சளாக என்னவோ இறுகியிருந்தது. முகர்ந்தேன். மூன்று மாதம் ஆகியும் பன்னீர் வாசனை போகவில்லை. பிறகு ஊக்கை எடுத்துச் சுரண்டினேன். துண்டு துண்டாக வந்தது. வந்த தூளை எல்லாம் ஒரு காகிதத்தில் மடித்து வைத்தேன். அப்பாவிடம் காட்ட வேண்டும், கையில் ஆதாரம் இருந்தால் மனுஷர் ஒத்துக்கொள்வார், மெஷின் தெரிந்தவர் ஆயிற்றே என்று நினைத்தேன். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். ஊதினால் ஃபேன் விர்ரென்று சுற்றியது.

பீரோ சாவி அரிசி டப்பாவில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். கீபோர்டையும் மவுஸையும் எடுத்தேன். சர்வீஸ்காரர் செய்ததை அன்றைக்குக் கண் கொட்டாமல் பார்த்திருந்தேன், அதே மாதிரி கார்டைச் செருகினேன். சரியாகிவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? எழுத்து அடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. படம் சுற்ற வேண்டும். அண்ணனுடைய டிராயிங் சாஃப்ட்வேரில் அவன் பாஸ்வேர்டு போட்டு வைத்திருந்தான். மீதி இருந்தது, ஃபார்மேட்டுக்குப் பிறகு அவன் மறுபடி ஏற்றியிருந்த கார் ரேஸ் ஒன்றுதான்.

ஆகவே உட்கார்ந்து கார் ஓட்டினேன். ஆசைக்கு ஓட்டவில்லை. பரீட்சை எழுதுகிற மாதிரி, திரையில் எங்கேயாவது கோடு விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஒரு சுற்று, அடுத்த சுற்று, அதற்கடுத்தது. கோடு விழவில்லை. உறையவில்லை. சைடு தகட்டைத் திறந்தே வைத்திருந்தேன், உள்ளே குட்டி ஃபேன் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா ஷிஃப்ட் முடிந்து வருகிற வரை ஓட்டிக் காட்டுவது என்று முடிவு செய்தேன். என்னை மாதிரி முட்டாள் உண்டா சொல்லுங்கள். தடை போட்ட கேமைத் தடை போட்ட கம்ப்யூட்டரில், பீரோவை உடைக்காத குறையாக எடுத்த கீபோர்டில் ஆடிக்கொண்டு, அப்பா வந்து பாராட்டுவார் என்று காத்திருந்தேன்.

வந்தார். மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஸ்விட்சை அணைத்தார். நான் அவசர அவசரமாகச் சொன்னேன், கார்டு கெடவில்லை, ஃபேன்தான் சுற்றாமல் இருந்தது, சந்தனம் காய்ந்து பிடித்துக்கொண்டது, இதோ பாருங்கள் என்று காகிதத்தைப் பிரித்து நீட்டினேன். வாங்கினார். தூளை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். குனிந்து சிபியுவுக்குள் பார்த்தார். விரல் நுனியால் அந்த ஃபேனை ஒரு தள்ளுத் தள்ளினார், அது சுற்றி நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தார். பிறகு நிமிர்ந்து என் கன்னத்தில் அறைந்தார்.

"சாமிக்கு வெச்சத சொரண்டினியா?" என்றார்.

மழைத் தண்ணீர் அவர் கையிலிருந்து என் முகத்தில் வழிந்தது. காகிதத்தைக் கசக்கி ஜன்னலுக்கு வெளியே போட்டார். கார்டு மட்டும் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. அண்ணன் வந்து கேட்டதற்கு, ஏதோ லூஸ் கனெக்ஷன், சரியாகிவிட்டது என்றார். அவன் காலேஜ் முடிக்கிற வரை அதே கார்டில்தான் வரைந்தான். புதுக் கார்டு வாங்கவே இல்லை. எனக்குத்தான் கீபோர்டு கிடைக்கவில்லை.

அவருக்கு அது புரியவில்லை என்றே நான் நினைத்துக்கொண்டேன். கோபத்தில் நான் சொன்னது காதில் விழவில்லை, பக்தி கண்ணை மறைத்துவிட்டது, லேத் தெரிந்தவருக்குக் கம்ப்யூட்டர் தெரிய வேண்டும் என்று என்ன அவசியம் என்றெல்லாம் நானே அவருக்காக வாதாடினேன். ஒரு பெண் தன் அப்பாவை வெறுக்காமல் இருப்பதற்கு எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறது பாருங்கள்.

ரிசல்ட் வந்தது. கணக்கில் வகுப்பிலேயே நான்தான் முதல். அட்மிஷனுக்கு அப்பாதான் கூட்டிப் போனார். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போகும்போதுகூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. அவர் வாக்குக் கொடுத்திருந்தார். தலைமையாசிரியை என் மார்க்கைப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் குரூப்பில் இடம் இருக்கிறது, தாராளமாகச் சேரலாம் என்றார்.

"வேணாங்க மேடம்" என்றார் அப்பா. "வீட்ல ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வெச்சோம். கேம் ஆடியே அதைக் கெடுத்துட்டா. இது கையில அதக் குடுக்கவே கூடாது. காமர்ஸ் போடுங்க."

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை என்னைக் கேட்பார் என்று நினைத்தேன். அப்படியாம்மா என்று மட்டும் சிரித்தார், அப்பாவும் கூடவே சிரித்தார். வெளியே வந்ததும் அப்பா பேக்கரியில் எனக்குப் பஃப்ஸ் வாங்கிக் கொடுத்தார். கையில் வைத்துக்கொண்டே வீடு வரைக்கும் வந்தேன்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெக்கானிக்கல் படித்த அண்ணன் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய ஆளாகி, பாரிவாக்கத்தில் ஃப்ளாட் வாங்கிவிட்டான். நான் காமர்ஸ் படித்து ஐயப்பன்தாங்கலில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறேன். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது நான் கேட்டது இல்லை. ஆபீசில் ஏதாவது ஒரு மெஷின் உறைந்து நின்றால் ஐடி ஆள் வருகிற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது என்பது விதி. நானும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இந்தப் படம் குழுவில் வருவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா, அம்மா இப்போது அங்கேதான். அண்ணன் மகள் ஒன்பதாவது படிக்கிறாள், கேம் ஆடுவதற்கென்றே பெரிய கம்ப்யூட்டர் வைத்திருக்கிறாள். அது அடிக்கடி உறைந்து நிற்கிறதாம். கிராபிக்ஸ் கார்டு போயிருக்கும், வேறு வாங்கிவிடலாம் என்று அண்ணன் போனில் தேடிக்கொண்டிருந்தான். அவள் தரையில் உட்கார்ந்து சிபியுவைத் திறந்து வைத்திருந்தாள். அப்பா சோபாவில் கண் மூடியிருந்தார், தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

"கார்டு கெட்டிருக்காதுடா கண்ணு" என்றார் கண்ணைத் திறக்காமலே. "மொதல்ல அதுல இருக்கற ஃபேன் சுத்துதான்னு பாரு. எதாவது போய் ஒட்டிக்கிட்டு நின்னுருக்கும். ஃபேன் நின்னா கார்டு சூடாயிடும், படம் கோடு கோடா வரும்."

அவள் குனிந்து பார்த்துவிட்டு, ஆமாம் தாத்தா, ஒன்று சுற்றவில்லை என்றாள். அண்ணன் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. நான் அப்பாவின் எதிரில் போய் நின்றேன். இது உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எதைக் கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கியது. "நீ காட்டினியே, அன்னிக்கேதான்" என்றார்.

"அப்ப ஸ்கூல்ல ஏம்பா அப்படிச் சொன்னீங்க?"

"சொன்னதை மாத்திச் சொல்லச் சொல்றியா? உங்கண்ணன் முன்னாடி, வர்றவன் போறவன் முன்னாடி, நான்தான் கெடுத்தேன்னு நான் சொல்லிக்கணுமா? விடு. இப்ப நீ என்ன கெட்டா போயிட்ட, நல்லாத்தானே இருக்க."

அம்மா சமையலறையிலிருந்து, சாப்பிடுகிற நேரத்தில் பழசை எதற்குக் கிளறுகிறாய் என்றாள். இலை போட்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இருபது வருஷத்துக்கு மேலாக, பாவம், அவருக்குத் தெரியவில்லை என்று சொல்லிச் சொல்லித்தான் அவரை மன்னித்து வைத்திருந்தேன். பஸ் ஸ்டாப் போய்ச் சேருவதற்குள் அந்த மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.